சுமை வேறு, எடை வேறு



ஒரு கூடை ஈர உப்பைத் துலாக்கோலில் வைத்தால் வருவது எடை. அதே கூடையை ஒருத்தி தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பின்மேல் நடந்தால் அது சுமை. பொருள் ஒன்றாயினும் பெயர் இரண்டாயிற்று. ஏன் இரண்டாயிற்று என்று எண்ணிப் பார்ப்பார் இன்று அரியர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் ‘கனம்’ என்கின்றோம். சற்றுப் படித்துவிட்டால் ‘வெயிட்டு’ என்கின்றோம். இவ்வொரு சோம்பல் தமிழினின்று எதைப் பறித்தது, அவ்வுப்பைச் சுமப்பாரிடமிருந்து எதைப் பறித்தது என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சென்னையினின்று கிழக்குக் கடற்கரைச் சாலைவழிப் புதுவைக்குச் செல்வார், மரக்காணத்தை நெருங்குங்கால் சாலையோரம் நீர்ப்பாத்திகள் கண்ணுக்கெட்டிய தொலைவு விரிந்து கிடக்கவும், அவற்றினிடையே வெண்குவியல்கள் நிற்கவும் காண்பர். விழுப்புரம் மாவட்டத்துக் கடலோரம் அது. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்றாக வரும் எயிற்பட்டினம் இம் மரக்காணப் பகுதியே என்பது ஆய்வாளர் பலர் துணிபு. அங்குள்ள பூமீசுவரர் கோயிலிற் சோழர்காலக் கல்வெட்டுகள் உள. பழம்பெருமை பேசுவதற்கு இவ்வளவு போதும். நாம் பேசவந்தது அவ்வூரின் இன்றைய தலைகளைப் பற்றி. அத்தலைகளின் மேலுள்ள கூடையைப் பற்றி.

உப்பைக் கதிரவன் விளைவிக்கின்றான் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அஃது அரைமெய். கதிரவன் நீரை வற்றச் செய்கின்றான். அவ்வளவே அவன் வேலை. பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்துவதும், நீரைப் பாத்திமாற்றிப் பாத்தி விடுவதும், படிந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பேற்றுவதும், வரப்பினின்று கூடை கூடையாகக் குவியலுக்குச் சுமப்பதும் மாந்தர் வேலை. சுமப்பாருட் பெண்டிரே பலர். கூடை நிறைந்தபின் அதனைத் தன் தலைக்குத் தானே ஏற்றிக்கொள்ளல் எளிதன்று. “ஏற்றிவிடு அக்கா” என்று ஒருத்தி கேட்க, மற்றொருத்தி கைகொடுப்பாள். தலைக்கும் கூடைக்கும் இடையே ஒரு துணிச்சுருள். அதன் பெயர் சும்மாடு. சுமையொடு பிறந்த சொல் அது. தலை நோகாமற் காப்பதும் சொல்லாகவே வந்துவிட்ட மொழி நம்முடையது.

இனி, கூடைக்குள் இருப்பதைப் பாருங்கள். பாத்தியினின்று அப்போதே வாரிய உப்பு தன்னுடன் நீரையும் கொண்டுவரும். கூடையின் இடுக்குகளில் அந்நீர் வழிந்து நெற்றியிலும் கண்ணிலும் பிடரியிலும் இறங்கும். குவியலில் இரண்டு மூன்று நாள் கிடந்தபின் நீர் வடிந்து உப்பு உலரும். வணிகர் நிறுத்து விலைபேசுவது உலர்ந்த உப்பையே. ஆகலின், சுமையுந்து ஏறும்போது எழுதப்படும் எடையில், அவள் சுமந்த நீர் இல்லை. அது வரப்பிலேயே வடிந்துபோயிற்று. மேலும், பத்தடித் தொலைவுக்கும் நூறடித் தொலைவுக்கும் கூடையின் எடை ஒன்றே, சுமை ஒன்றன்று. காலையிற் சுமந்த முதற்கூடைக்கும் உச்சிவெயிலிற் சுமந்த கடைக்கூடைக்கும் எடை ஒன்றே, சுமை ஒன்றன்று. எடை பொருளுக்கு உரியது. சுமை, பொருளும் ஆளும் தொலைவும் பொழுதும் கூடியவழிப் பிறப்பது. இவ்வேறுபாட்டைத் தமிழ் இரண்டு சொல்லாற் காட்டிவைத்தது. ‘வெயிட்டு’ என்னும் ஒற்றைச் சொல்லாற் கூலி பேசுகின்றவர்க்குச் சுமை என ஒன்று இருப்பதே தோன்றாது.

இச்சொற்கள் யார் யார் வாயிற் பிறந்தன என்று பாருங்கள். எடு என்னும் வினையினின்று வந்தது எடை. அஃது எடுத்துப் பார்ப்பவன் சொல். பழந்தமிழ்க் கணக்கர் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என வகுத்தபோது, நிறுத்தறியும் அளவையை எடுத்தலளவை என்றே வழங்கினர். தூக்கு என்பதும் அத்தகையது. தூக்கிப் பார்த்தலே நிறுத்தலாகவும், நிறுத்தலே ஆராய்தலாகவும் வளர்ந்து, ‘சீர்தூக்கிப் பார்’ என்று இன்றும் நம் வாயில் நிற்கின்றது. நிறு என்பதினின்று நிறை வந்தது. நிறுவையும் அதன் உடன்பிறப்பே. நிரம்புதற்பொருளில் வரும் நிறையும் இதனொடு ஒலியால் ஒன்றுபட்டது. நெஞ்சைக் கலங்காது நிறுத்தும் திறமும் நிறையெனவே பெயர்பெற்றது. திருக்குறளில் நிறையழிதல் என ஓர் அதிகாரமே உண்டு. அளவுப்பெயரும் நிறைப்பெயரும் எவ்வெவ் எழுத்துகளிற் தொடங்கும் எனத் தொல்காப்பியர் ஒன்பது எழுத்துகளை எண்ணிச் சொல்கின்றார். அவர் காலத்திலேயே முகந்தளப்பதும் நிறுத்தளப்பதும் இருவேறு பெயரால் நின்றன.

இவையெல்லாம் அளப்பவன் பக்கத்துச் சொற்கள். சுமப்பவன் பக்கத்துச் சொற்கள் வேறு. சும என்பதினின்று சுமை. பொறு என்பதினின்று பொறை. பொறுத்தலாவது முதற்கண் தாங்குதலே. தோளிற் பொறுத்தவன் பிறகு நெஞ்சிற் பொறுத்தான். அங்ஙனம் பொறுமை வந்தது. பிறர்க்காகப் பொறுத்தான், பொறுப்பு வந்தது. பிறர் பிழையைப் பொறுத்தான், பொறுத்தருளல் வந்தது. திருக்குறளின் பதினாறாம் அதிகாரம் பொறையுடைமை. அசையாது நிற்கும் மலையும் பொறை எனப்பட்டது; சேரருள் ஒரு கிளையார் இரும்பொறை என்று பெயர்தாங்கினர்; கரூரையடுத்த புகழூர்ப் பாறையிற் பழந்தமிழ் எழுத்தில் அப்பெயர் இன்றும் நிற்கின்றது. ஒரு கூலியாள் தோள்மேல் வைத்த மூட்டையிற் தொடங்கிய சொல், அறநூலின் அதிகாரத் தலைப்பாகவும் அரசனின் பட்டமாகவும் ஏறிநின்றது! இவ்வேற்றம் ‘வெயிட்டு’க்கு உண்டா? ‘வெயிட்டான ஆளு’ என்று நம் இளைஞர் சொல்கின்றனரே, அதிற் பணமும் பருமனும் இருக்கலாம்; பொறுத்தல் இருக்கின்றதா?

நம் ஊர்வழிகளிற் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு தனியே வருபவர் குனியாமலும் பிறரை அழைக்காமலும் சுமையை இறக்கி இளைப்பாறி மீண்டும் ஏற்றிக்கொள்ளுதற்கு ஏற்ற உயரத்தில் அது நிற்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது நம் நாட்டு வழக்கம். இறக்காத சுமையோடு போனவள் பெயரால், வழிப்போக்கர் சுமையை இறக்க ஒரு கல். இதனை எழுதும்போது நமக்கே கை சற்று நிற்கின்றது. அச்சொல்லை ‘வெயிட்டுதாங்கி’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நம் வழக்கின் தீமை விளங்கும்.

உப்பையும் சுமையையும் இணைத்து எண்ணியவர் நம் முன்னோர். உமணர் என்னும் உப்பு வணிகர், கடற்கரை உப்பை வண்டிகளில் ஏற்றி வரிசை வரிசையாக உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர். அவ்வண்டி வரிசை ஒழுகை எனப்பட்டது. மேடும் பள்ளமும் கடந்து செல்லும் உப்புவண்டியின் அச்சு எங்கே முறியுமோ என்று அஞ்சி, வண்டிக்கடியிற் காப்பாக ஓர் அச்சைக் கட்டிச்சென்றனர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அக் காப்பச்சுக்கு உவமித்தார். அது புறநானூற்றின் 102ஆம் பாட்டு. திருவள்ளுவரோ 475ஆம் குறளில் உப்பை விட்டு மயிற்பீலியை எடுத்தார். நொய்ய பீலியும் அளவிறந்து ஏற்றினால் அச்சை முறிக்கும் என்றார். தனித்தனியே எடையற்றது போலத் தோன்றுவதும் சேர்ந்தவழிச் சுமையாகும் என்னும் இக்கருத்தை, நாளொன்றுக்கு எத்தனை நடை நடந்தாள் என்று எண்ணாமல் ஒரு கூடையின் எடையை மட்டும் பார்த்துவிட்டு ‘இது பெரிதா?’ என்று கேட்கும் கணக்கப்பிள்ளைகள் படிக்க வேண்டும்.

நொய்ம்மை என்றோம். கனத்துக்கு எதிர்ச்சொல் கேட்டால் ‘லேசு’ என்றும் ‘இலகு’ என்றும் சொல்வார் பலர். நொய் என்பதை நாம் அறவே மறந்துவிடவில்லை. அரிசியில் உடைந்ததை நொய் என்றும் அதிற் காய்ச்சியதை நொய்க்கஞ்சி என்றும் இன்றும் சொல்கின்றோம். அடுக்களையிற் காத்த சொல்லை அவையில் விட்டுவிட்டோம்!

ஆங்கிலக் கும்பினியார் 1805ஆம் ஆண்டு சென்னை மாகாணத்து உப்பைத் தம் முற்றுரிமையாக்கிக் கொண்டனர். அவர்கள் உப்பைக் கணக்கிட்டது கரிசையால். 8 படி ஒரு மரக்கால். 400 மரக்கால் ஒரு கரிசை. முகந்தளந்த காலம் அது. நிறுத்தலில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். ஆம், பாரம் என்பது ஓர் அளவின் பெயராகவும் இருந்தது. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு வீசையும் மணங்கும் போய்க் கிலோவும் டன்னும் வந்தன. உலகமெல்லாம் ஒரே அளவு கொள்வதை நாம் குறைசொல்லவில்லை. அளவு மாறலாம்; அளக்கப்படுவது எது என்பது மாறவேண்டா.

சட்டத்தின் பக்கம் திரும்புவோம். பன்னாட்டுத் தொழிலமைப்பு 1967ஆம் ஆண்டு, ஒருவர் தூக்கிச் செல்லத்தக்க உயர்ந்த அளவு பற்றி 127ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர்க்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டா என்றது. பெண்டிர்க்கு அதனினும் நன்கு குறைந்திருத்தல் வேண்டும் என்றது. இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்றது 2010ஆம் ஆண்டில். இடையில் 43 ஆண்டு! அவ்வாவணம் பொருளை வரையறுக்கும் முறையைக் கருதுங்கள்: ஒரு சுமையின் எடை முழுவதையும் ஒருவரே பொறுக்கும் நிலை என்பது அதன் கருத்து. சுமை, எடை, பொறுத்தல் என மூன்றும் மூன்று கருத்தாக அதில் நிற்கின்றன. இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்துக்கொண்டு, ‘வெயிட்டு’க்குள் மூன்றையும் புதைப்போம் என்றால், தமிழிலே அச்சட்டத்தை ஒரு தொழிலாளிக்கு எடுத்துரைப்பது யாங்ஙனம்? தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு வந்த சட்டத்துக்கு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் என்றே பெயர் வாய்த்தது, நற்பெயர். சுமைப்பணித் தொழிலாளர் என்று சங்கப் பலகைகளிலும் எழுதுகின்றனர். தெருவிலோ அவர் ‘லோடுமேன்’!

இனி நாள்வழக்கிற் கனம் பாரம் என்னும் இரண்டும் எங்கெங்கே அமர்ந்துள்ளன என்பது. பாரம் வடசொல். கனத்தையும் வடமொழியொடு பொருத்துவர் அகரமுதலிகள் செய்தோர். அது தமிழே என்பாரும் உளர். அவ்வழக்கை ஈண்டு நாம் எடுக்கவில்லை. தலைக்கனம் என்பதைச் செருக்கு என்றோ, மனப்பாரம் என்பதை நெஞ்சச்சுமை என்றோ சொல்வதற்கு எத்தடையும் இல்லை என்பது மட்டும் போதும். முன்னாளில் அமைச்சரையும் வழக்குமன்றத் தலைவரையும் ‘கனம்’ என்று விளித்தனர். 1967ஆம் ஆண்டுக்குப் பின் ஆட்சி மாறிய தமிழ்நாட்டில் ‘மாண்புமிகு’ நிலைபெற்றது. ஒருவரை மதித்தற்கு அவரை எடைபோட்ட வழக்கம் அத்தோடு ஒழிந்தது. மாற்ற எண்ணினால் மாறும் என்பதற்கு இது சான்று.

மாறாதவையும் உள. ‘கனரக வாகனம்’ என்று போக்குவரத்துத் துறையார் உரிமத்தில் எழுதுகின்றனர். வடமொழிக் கனமும் அரபுவழி வந்த ரகமும் வடமொழி வாகனமும் கூடிய மும்மொழிக் கூட்டு! பெருஞ்சுமை ஊர்தி என்றால் ஓட்டுநர்க்கு விளங்காதா? சுமையுந்து என்னும் அழகிய சொல் எழுத்திலே நிலைத்துவிட்டதே.

மற்றொன்று கனமழை. வானிலைத் துறையார் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்வதைக் கனமழை என்பர், 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. இவ்வகுப்பு நன்றே, பெயர்தான் ஆங்கிலத்தின் நிழல். மழையை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் தமிழனுக்கு இல்லை. அவன் பெருமழை என்றான்; அடைமழை என்றான்; பேய்மழை என்றான். பெய்யும் முறையையும் பெய்யும் காலத்தையும் அப்பெயர்கள் சொல்லும். பெருமழை, மிகுபெருமழை, மாமழை என்று மூன்று படி வைத்தாற் குறையென்ன? 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுவையையடுத்துக் கரைகடந்தபோது, புதுவையில் ஒரே நாளில் 45 செண்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ‘அதி’யின் எல்லையைப் போல் இருமடங்கு! மரக்காணத்து அளங்களும் அப்புயலின் வழியிலேயே கிடந்தன. உப்புக் குவியலுக்கு மழையைவிடக் கொடிய பகை இல்லை. எத்தனை தலைகள் எத்தனை நாள் சுமந்து குவித்ததை நீர் கரைத்துக்கொண்டு மீண்டும் கடலுக்கே போகும். சுமந்தவள் கழுத்துநோவு மட்டும் கரைவதில்லை.

நம் இயக்கத்தாரிடமும் ஒரு சொல். கனத்தை வெட்டிவிட்டு அவ்விடத்திலெல்லாம் எடையை ஒட்டிவைப்பது தூய்மையன்று. ‘என் நெஞ்சு எடையாக இருக்கின்றது’ என்று ஓர் இளைஞர் நமக்கு எழுதியிருந்தார். ஆர்வம் பெரிது, தமிழ் பிழை. நெஞ்சை எவரும் எடுத்து நிறுக்கவில்லை, அது சுமக்கின்றது. கடனும் சுமை, வேலை மிகுந்தவழிப் பளு, கல்லும் மரமும் உறுதியாயிருந்தால் திண்மை, பானை நிரம்பியிருந்தால் நிறைவு. ஒரு வேற்றுச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று பட்டியல் போடுவார், ஒன்று போன இடத்தில் ஐந்து நின்றதை மறக்கின்றனர்.

இப்பட்டியல் மயக்கம் அறிவியலிலும் புகுந்தது. தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியலில், ஒரு பொருளிலுள்ள பருப்பொருளின் அளவு நிறை. அதனைப் புவி ஈர்க்கும் விசை எடை. ஈழத்துப் பள்ளிகளிலோ முன்னது திணிவு, பின்னதே நிறை. ஒரே நிறை, பாக்குநீரிணைக்கு இப்பால் ஒன்று, அப்பால் மற்றொன்று! யாழ்ப்பாணத்து மாணவன் விழுப்புரத்து மாணவனோடு தேர்வுத்தாளை மாற்றிக்கொண்டால் இருவரும் தவறுவர். நிறு என்னும் வேரை நோக்கினால் நிறுத்தறிவதற்கு நிறை என்ற ஈழத்தார் பக்கமே நயன் மிகுதி என்பது நம் கருத்து. பொருளின் செறிவுக்குத் திணிவு என்பதும் வேரோடு பொருந்துகின்றது. ஆயினும் நம் நாட்டில் எடை வேரூன்றிவிட்டது. இரு நாட்டு அறிஞரும் ஓரவையில் அமர்ந்து முடிவுசெய்யவேண்டிய செய்தி இது. ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிவைக்கும் செய்தியன்று.

அறிவியல் என்றதும் நினைவுக்கு வருவது கனநீர். தூத்துக்குடியில் 1978ஆம் ஆண்டு கனநீர் ஆலை தொடங்கப்பட்டது. பொதுநீரைவிட ஏறத்தாழப் பதினொரு விழுக்காடு எடைமிகுந்த நீர் அது. அதே தூத்துக்குடியிலும் மரக்காணத்திலும் உப்பளத்தார் கையாளும் நீரைப் பாருங்கள். கடல்நீர் போமே அளவுகோலில் ஏறத்தாழ 3 பாகை. அது வற்றி வற்றி 25 பாகையை எட்டும்போது உப்புப் படியத் தொடங்கும். அந்நிலையில் அந்நீர் பொதுநீரைவிட இருபது விழுக்காட்டுக்கு மேல் எடை மிகுந்தது. பெரும்பொருட் செலவில் ஆலை வடிக்கும் கனநீரைவிட, பாத்தியிற் கிடக்கும் நீர் எடை மிக்கது! 29, 30 பாகையைத் தாண்டவிட்டால் கசப்புப் பொருள்கள் உப்போடு கலந்துவிடும். அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிடவேண்டும். கருவி வருமுன்னரே நிறத்தாலும் நுரையாலும் கைப்பட்ட பிசுபிசுப்பாலும் இதனை அறிந்தவர் நம் அளத்து மாந்தர். அவர்கள் நீரின் அந்நிலைகளை என்னென்ன பெயராற் சொல்கின்றனர் என்பது எந்த அகரமுதலியில் உள்ளது?

1974ஆம் ஆண்டு பாவாணர் தலைமையிற் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம், 1981இல் அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து நடந்து மடலம் மடலமாக வெளிவந்தது. வேரைத் தேடும் பணியை அவர்கள் செய்தனர். கிளையிலுள்ளதைப் பறித்துத் தருவது நம் வேலை. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு உப்புக் கழகம் தன் உப்புக்கு ‘நெய்தல்’ என்று பெயரிட்டதைப் பாராட்டுகின்றோம். உறைமேல் ஒரு சங்கச்சொல் ஏறிற்று. உறைக்குள் உள்ளதை விளைவித்தார் வாய்ச்சொற்கள் இன்னும் எழுத்தேறவில்லை.

ஆகலின் அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். மரக்காணம், கோவளம், வேதாரணியம், தூத்துக்குடி முதலிய அளங்களையடுத்து வாழ்வோர், ஒரு நாள் அங்குச் சென்று, சுமப்பாரிடமே கேட்டு எழுதுங்கள். ஏற்றுதல், இறக்குதல், தோள்மாற்றுதல், நடை, கூடை, சும்மாடு, ஈர உப்பு, உலர்ந்த உப்பு, நீரின் ஒவ்வொரு நிலை ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்ட ஒலியிலேயே எழுதவேண்டும், திருத்தி எழுதவேண்டா. செங்கற்சூளை, நெல்மண்டி, துறைமுகம், கற்குவாரி இவற்றில் உள்ளாரும் அங்ஙனமே எழுதுக. ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் உடன்குறித்து, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, அடுத்த திங்கள் பதினைந்தாம் நாளுக்குள் நம் முகவரிக்குக் கிடைக்குமாறு விடுக்கவேண்டுகின்றோம்.